‘வேஸ்ட்’ என்றொரு சொல்

நம் இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களை எண்ணப் புகுந்தால், ‘வேஸ்ட்’ என்பது முன்வரிசையில் நிற்கும். மீந்துபோன ஆனம் வேஸ்ட். பேருந்துக்குக் காத்து நின்ற நேரம் வேஸ்ட். ஊர்ப்புறத்தே முள் மண்டிக் கிடக்கும் நிலம் வேஸ்ட். சென்ற ஆண்டு இலக்கண வகுப்பு ஒன்றில், கேட்ட கேள்விக்கு விடை கூறத் தெரியாது தடுமாறி நின்றான் ஒரு மாணவன். பக்கத்தில் இருந்த சிறுவன் அவனைச் சுட்டி, “இவன் வேஸ்ட், உஸ்தாத்!” என்றான். வகுப்பு சிரித்தது. தடுமாறி நின்ற பிள்ளையும் உடன் சிரித்தான். அந்தப் பிள்ளையின் சிரிப்புத்தான் நம் நெஞ்சை உறுத்திற்று.

கறிவேப்பிலைக் காம்புக்கும், கழிந்த பொழுதுக்கும், ஆதமுடைய மகன் ஒருவனுக்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்திற்று? அரபு இலக்கணம் ஓதியோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. சொல் ஒன்றைக் கண்டால் அதன் வேரெழுத்துக்களைத் தேடாமல் விடமாட்டோம். அப்பழக்கத்தால் இச்சொல்லின் பிறப்பு வளர்ப்பை ஆராயப் புகுந்தோம். குப்பைக் கூடையைப் பற்றிய செய்தி கிடைக்கும் என்று எதிர்பார்த்த நமக்கு, நாடுகளின் வரலாறே கிடைத்தது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் ‘வாஸ்துஸ்’ என்பதாகும். வெறுமையானது, ஆளரவம் அற்றது, பாழ்பட்டது என்பன அதன் பொருள்கள். எல்லை காணாத அளவு பரந்தது எனப் பொருள்படும் ‘வாஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் கிளைத்ததேயாம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அவர்களுடைய பிரெஞ்சு மொழியின் வழியே இச்சொல் ஆங்கிலத்தில் குடியேறிற்று. அக்காலத்தில் அதற்குக் குப்பை என்னும் பொருள் இல்லை. மனிதர் இல்லாத நிலம் என்பதே பொருள். குப்பையைச் சுட்டும் வழக்கு அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னரே தோன்றிற்று. ஆக, இச்சொல் முதலில் ஒட்டிக்கொண்டது மண்ணோடுதான்.

இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர், தம் நாட்டின் நிலங்களையும் அவற்றின் வருவாயையும் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1086இல் நடந்த அக்கணக்கெடுப்பின் ஏடு ‘டூம்ஸ்டே நூல்’ எனப் பெயர் பெற்றது. இலத்தீனில் எழுதப்பட்ட அவ்வேட்டில், வடபுலத்து யார்க்ஷயர்ப் பகுதியின் ஊர் பலவற்றுக்கு நேரே ‘வாஸ்தா’ என்னும் ஒற்றைச் சொல் காணப்படுகிறது. 1069ஆம் ஆண்டு முதல் 1070 வரையிலான குளிர்காலத்தில், தம்மை எதிர்த்து எழுந்த அப்பகுதியை வில்லியமின் படை எரித்தும் அழித்தும் சூறையாடியது. மக்கள் பசியால் மடிந்தனர். பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த கணக்கர் எழுதிய ‘வாஸ்தா’ அவ்வழிவின் சுவடே என்று வரலாற்றாசிரியர் பலர் கொண்டனர். வேறு சிலரோ, அச்சொல் அழிவையே குறித்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. அந்நிலத்திலிருந்து அரசுக்கு வருவாய் இல்லை என்பதையே கணக்கர் அவ்வாறு குறித்திருக்கலாம் என்பர்.

இவ்விரண்டாம் கருத்தை வாசகர்கள் சற்றே மனத்தில் இருத்துவார்களாக. ஊர் இருக்கலாம், அதில் மனிதரும் இருக்கலாம், ஆனால் எழுதுகோல் ஏந்தியவர்க்கு அங்கிருந்து ஏதும் வரவில்லையேல் அது ‘வேஸ்ட்’. பொருளின் தன்மையை அன்று, சொல்லுகின்றவரின் ஆதாயத்தையே இச்சொல் அளந்து காட்டிற்று எனலாம்.

இதனோடு ஒப்பிட்டுக் காணத்தக்க ஒரு கணக்கு நம் தஞ்சையிலேயே உண்டு. டூம்ஸ்டே நூலுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்னர், முதலாம் இராசராசன் எடுத்த பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலம் அளந்து பொறிக்கப்பட்டுள்ளது. வரி விதிக்கப்படாத இறையிலி நிலங்கள் அவற்றில் தனியே கழிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றுக்கு ஒற்றைப் பெயர் சூட்டி ஒதுக்கிவிடவில்லை. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என ஒவ்வொன்றும் தன் தன் பெயரோடும் பயனோடும் நிற்கிறது. வருவாய் தராத நிலமும் வாழ்வுக்கு வேண்டிய நிலம் என்பதை அந்தப் பட்டியலே சொல்லாமல் சொல்கிறது. சோழர் ஆட்சியில் குறையே இல்லை என்பது நம் வாதமன்று. கணக்கெழுதும் முறையிலேயே ஒரு பார்வை அடங்கியுள்ளது என்பதே நாம் சுட்ட விழைவது.

இங்கிலாந்தில் ‘வேஸ்ட்’ எனப்பட்ட நிலம் உண்மையில் வெறுமையாகவா கிடந்தது? அன்று. நிலப்பிரபுவின் எல்லைக்குள் உழவுக்கு வாராத அந்நிலத்தில்தான் ஏழை உழவனின் பசு மேய்ந்தது. அங்கிருந்துதான் அவன் வீட்டு அடுப்புக்குச் சுள்ளியும், எரிக்க உதவும் கரிமண் கட்டியும் வந்தன. இவை வழிவழி வந்த உரிமைகள். 1235இல் இயற்றப்பட்ட மெர்ட்டன் சட்டம், குடிகளுக்குப் போதிய மேய்ச்சல் நிலத்தை விட்டுவைத்து, எஞ்சிய ‘வேஸ்ட்’ நிலத்தை வேலியிட்டுக்கொள்ளப் பிரபுக்களுக்கு வழி திறந்தது. அவ்வழியே சிறுகச் சிறுகப் புகுந்தவர்கள், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெருவெள்ளமாய்ப் புகுந்தனர். நாடாளுமன்றம் இயற்றிய ஆயிரக்கணக்கான வேலியடைப்புச் சட்டங்களால் பொதுநிலங்கள் தனியார் உடைமையாயின. விளைச்சல் பெருகியது என்பர் ஒருசாரார், அது பொய்யன்று. ஆயின், ஒரு பசுவையும் ஒரு சுமைச் சுள்ளியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கூலிக்குக் கையேந்தி நிற்கலாயின என்பதும் பொய்யன்று.

இச்சொல்லுக்குத் தத்துவத் தகுதி தந்தவர் ஜான் லாக் என்னும் அறிஞர். 1689இல் வெளிவந்த அவருடைய அரசியல் நூலில், மனிதன் தன் உழைப்பைக் கலந்த மண் அவனுடையதாகிறது என்றும், உழாமலும் நடாமலும் இயற்கையின் கையில் விடப்பட்ட நிலம் ‘வேஸ்ட்’ என்றும் வாதிட்டார். பிறர்க்குப் போதுமான அளவு எஞ்சவேண்டும் என்னும் நிபந்தனையையும் அவர் எழுதாமல் இல்லை. ஆனால் இங்கிலாந்தின் பொதுநிலத்தை, அதில் உரிமையுள்ள ஏனையோரின் இசைவின்றி எவரும் தமதாக்கிக்கொள்ள முடியாது என்று காத்த அவரே, அமெரிக்கச் செவ்விந்தியரின் வேட்டைக் காடுகளைக் கண்டபோது உழைப்பு ஏறாத வெறுநிலமாகவே கண்டார். தம் நாட்டில் வேலிக்கு இசைவு வேண்டும்; கடல் கடந்தால் வேண்டா!

அச்சொல் பிறகு நம் பக்கம் கப்பலேறியது. 1789இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், கம்பெனியின் இந்திய நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு விலங்குகள் மட்டுமே வாழும் காடு என்று எழுதினார். வங்காளத்தில் 1793இல் ஜமீன்தார்களுக்கு நிலவரியை நிரந்தரமாக்கிய திட்டத்துக்கு அது ஒரு வாதமாயிற்று. 1838இல் அஸ்ஸாமில் ‘வேஸ்ட் லேண்ட்’ விதிகள் வகுக்கப்பட்டன. மலைக்குடிகள் எரித்து விதைத்து, பின்னர் மண் தேறுமட்டும் விட்டுவைத்த சரிவுகள் தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு வழங்கப்படலாயின. 1861இல் கானிங் பிரபுவின் அரசு, அத்தகைய நிலங்களை விலைக்கே விற்க விதி செய்தது.

இலங்கையில் நிகழ்ந்தது நம்மவர்க்கு இன்னும் நெருக்கமானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் எண் அவசரச் சட்டம், காடும் வெறுநிலமும் குடியேறாத, பயிரிடாத நிலமும், மறுப்புக்குச் சான்று காட்டப்படும்வரை, அரசுக்கே உரியவை எனக் கொள்ளப்படும் என்றது. சேனைப் பயிர் செய்வோர் ஓர் ஆண்டு விதைத்துப் பல ஆண்டு காட்டை வளரவிடுவர். வளரவிட்ட ஆண்டுகளில் வந்து பார்ப்பவர்க்கு அது ஆளில்லா நிலம். கண்டிச் சீமையில் அரச பட்டயமோ, வரி செலுத்திய சான்றோ காட்ட இயலாத குடியானவன், பாட்டன் காலத்துக் காட்டை இழந்தான். அந்நிலங்கள் காப்பித் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து சென்றோர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரையில் காட்டுவழியே நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே புதையுண்டோர் பலர். 1869இல் காப்பி இலையில் துருநோய் தோன்றியது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. 1897இல் ‘வேஸ்ட் லேண்ட்’ என்னும் பெயரிலேயே மீண்டும் ஒரு சட்டம் வந்தது. இன்று நாம் அருந்தும் ஒரு குவளைத் தேநீருக்குள் இச்சொல்லின் கசப்பும் கலந்துள்ளது.

இவ்விடத்தில், நம் சட்டநூல்களில் இதற்கு ஒப்பான சொல் உண்டா என்னும் வினா எழுவது இயல்பு. உண்டு. ‘மவாத்’ என்பது அச்சொல்; இறந்த நிலம் என்பது பொருள். இறந்ததற்கு எதிராக ‘இஹ்யா’, உயிர்ப்பித்தல், என்பது நிற்கிறது. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவர்க்கே அது உரியது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. உழைப்பால் உரிமை என்னும் அளவில் லாக்கின் வாதம் இதற்கு அண்மையிலேயே நிற்கிறது. ஆனால் இறந்தது எது என்பதைத் தீர்மானிப்பதில்தான் ஃபிக்ஹு அறிஞர்கள் மிகுந்த கவனம் காட்டினர். ஊராரின் மேய்ச்சல் நிலமும், விறகு பொறுக்கும் இடமும், கிணற்றைச் சூழ்ந்த எல்லையும் உழப்படாதவை எனினும் இறந்தவை ஆகா. ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் தலைமை நீதிபதியாக விளங்கிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கூறிய அளவுகோல் நினைவிற்கொள்ளத்தக்கது. உரத்த குரலுடைய ஒருவர் ஊரின் கடைக்கோடியில் நின்று கூவவேண்டும். அக்குரல் எட்டாத தொலைவில் உள்ளதே மவாத். இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களோ தொலைவைக்கூடக் கருதாமல், ஊரார் அதனால் உண்மையில் பயன் பெறுகின்றனரா என்றே பார்க்கவேண்டும் என்றார்கள். வேலியை மட்டும் நட்டுவிட்டு மூன்று ஆண்டுகள் நிலத்தைச் சும்மா போட்டவர்க்கு உரிமை இல்லை என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு.

ஆகா, நம் சொல் தூயது, அவர்கள் சொல்லே தீயது என்று இங்கே கட்டுரையை முடித்துக்கொள்வது எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. உஸ்மானியப் பேரரசு 1858இல் இயற்றிய நிலச்சட்டம், அபூயூசுஃபின் குரலளவை எடுத்து, ஒன்றரை மைல், அல்லது அரைமணி நேர நடை என்று எண்ணாக்கிற்று. பின்னர்ப் பாலஸ்தீனை ஆண்ட ஆங்கிலேயர், 1921இல் மவாத் நிலச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தனர். அரசின் இசைவின்றி இத்தகைய நிலத்தை உழுதவர்க்கு உரிமை கிடையாது என்பது அதன் சாரம். உயிர்ப்பித்தவர்க்கே நிலம் என்னும் கோட்பாடு, உயிர்ப்பித்தவரை வெளியேற்றும் கோட்பாடாகத் தலைகீழாயிற்று. 1984இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம், நகப் பாலைநிலத்துப் பதவீ மக்களின் உரிமைக் கோரிக்கையை, அந்நிலம் மவாத் என்னும் அடிப்படையிலேயே தள்ளிற்று. பக்கத்தார் உரிமையைக் காக்கப் பிறந்த அளவுகோல், கூடாரத்தில் வாழ்ந்தோரின் குரல் கேட்கவில்லை என்று சொல்லப் பயன்பட்டது. சொல் அரபாயிருந்தென்ன, ஆங்கிலமாயிருந்தென்ன? அளப்பவர் எங்கே நின்று செவிசாய்க்கிறார் என்பதே கேள்வி.

நிலத்தைச் சுட்டிய இச்சொல், வேண்டாத எச்சத்தையும் வீண்செலவையும் சுட்டத் தொடங்கிய பின்னரும் தன் குணத்தை விடவில்லை. ஆங்கில வணிகர்கள் அன்றாட வரவுசெலவை முதலில் தாறுமாறாய்க் குறித்துவைக்கும் ஏட்டுக்கு ‘வேஸ்ட் புக்’ என்று பெயர். அறிவியல் மேதை நியூட்டனிடமும் அப்பெயரில் ஓர் ஏடு இருந்தது. அவருடைய மாற்றுத் தந்தையான பாதிரியார் ஒருவர், சமயக் குறிப்புக்கள் எழுதுவதற்கென வைத்திருந்து, தலைப்புக்களை மட்டும் இட்டு, பெரும்பாலான பக்கங்களை வெறுமையாக விட்டுச் சென்ற பெரிய ஏடு அது. காகிதம் விலையுயர்ந்த காலம். இளைஞர் நியூட்டன் 1664 முதற்கொண்டு அவ்வெற்றுப் பக்கங்களில் கணக்கிடலானார். நுண்கணிதத்தின் தொடக்கக் குறிப்புக்கள் அதிலே உள்ளன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் அது பேணப்படுகிறது. ‘வேஸ்ட் புக்’ என்னும் பெயரோடுதான்!

சொல்லின் இரு பொருள்களும் ஒரே இடத்தில் சந்தித்த காட்சியை நாம் நம் தலைநகரிலேயே காணலாம். சென்னைக்குத் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், மழைநீரை ஏந்திக் கடலுக்கு அனுப்பும் பெருந்தட்டு. ஏரும் ஓடாது, வரியும் வாராது என்பதால் ஆவணங்களில் அது வெறுநிலம் ஆயிற்று. வெறுநிலம் என்று பெயர் பெற்றபின், நகரத்தின் குப்பையை அங்கே கொட்டுவதில் யார்க்கும் கூச்சம் இருக்கவில்லை. குப்பை மலை எழுந்தது, சுற்றிலும் கட்டடங்கள் எழுந்தன, சதுப்பு சுருங்கிற்று. 2015ஆம் ஆண்டின் பெருமழையில் தென்சென்னை வீடுகளுக்குள் நீர் புகுந்தபோதுதான், அந்நிலம் செய்துவந்த வேலை இன்னதென்று பலர்க்கும் விளங்கிற்று. 2022இல் அது உலகளாவிய மதிப்புடைய ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. முதலில் வெறுநிலம் என்றனர். சொன்னதை மெய்யாக்கக் குப்பையைக் கொட்டினர். பின்னரே அதன் விலையை அறிந்தனர்.

நம் தமிழ்ச் சொல் ஒன்றுக்கும் இதே கதி நேர்ந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. புறம்போக்கு என்பது வரிக்கணக்குக்குப் புறத்தே நிற்கும் நிலம். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என அதன் வகைகளைப் படித்தாலே, அஃது எல்லார்க்கும் உரியது என்பது புலனாகும். இன்று தெருவில் அச்சொல் ஒரு வசை. எல்லார்க்கும் உரியது, எவர்க்கும் உதவாதது என்றாகி, இறுதியில் ஒரு மனிதனின் முகத்தில் எறியப்படுகிறது. ‘வேஸ்ட்’ நடந்த வழியும் அதுவே: முதலில் நிலம், பின்னர்ப் பொருள், அதன்பின் ஆள்.

இரவல் சொல்லால் நாம் இழந்தது மற்றொன்றும் உண்டு. பாழ்நிலத்துக்கு அரபில் மவாத், வீண்செலவுக்கு இஸ்ராஃப், பெருக்கித் தள்ளும் குப்பைக்குக் குமாமா என வேறு வேறு சொற்கள் உள்ளன. தமிழிலும் தரிசு வேறு, வீண் வேறு, குப்பை வேறு. மூன்றையும் ஒரே வாயால் ‘வேஸ்ட்’ என்றுவிடும்போது, செய்தவர் தவறும் பொருளின் தன்மையும் குழம்பிப்போகின்றன. சோற்றை வீணாக்கியவர் நாம். ஆனால் சோறு வேஸ்ட் என்று சோற்றின்மீது பழியைச் சாற்றுகிறோம். நம் உம்மம்மாமார்களின் அடுப்பங்கரையில் வடித்த கஞ்சி ஆட்டுக்குப் போயிற்று. மீந்த பருக்கை கோழிக்குப் போயிற்று. சாம்பல் பாத்திரம் துலக்கப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் போகும் இடம் தெரிந்திருந்ததால், அவர்களுக்கு இச்சொல் தேவைப்படவே இல்லை.

மீண்டும் அந்த வகுப்பறைக்கு வருவோம். அந்தச் சிறுவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. அவன் நம்மிடமிருந்து கேட்ட சொல்லையே நம்மிடம் திருப்பித் தந்தான். தடுமாறிய பிள்ளையை மறுநாள் அருகில் அழைத்து உட்காரவைத்து, என்னதான் விளங்கவில்லை என்று கேட்டோம். பாடம் விளங்காமல் இல்லை. பின்வரிசையில் அமர்ந்த அவனுக்குப் பலகையின் எழுத்துத் தெரியவில்லை. அவனுடைய அத்தாவுக்குச் சொல்லியனுப்பிக் கண்ணாடி வாங்கிப் போட்ட பின்னர், எவர்க்கும் பின்வாங்காமல் ஓதுகிறான்.

ஓராண்டுக்காலம் அப்பிள்ளை நம் குரல் எட்டும் தொலைவில்தான் இருந்தான். அவன் குரலுக்கு நாம் செவிசாய்க்கவில்லை, அவ்வளவே. எதனையும், எவரையும் ‘வேஸ்ட்’ என்று எழுதிவிடும் முன்னர், அபூயூசுஃப் இமாம் சொன்னபடி ஊர்க்கோடியில் நின்று ஒருமுறை கூவிப் பார்ப்போம். மறுகுரல் வருகிறதா என்று சற்றே பொறுத்துக் கேட்போமாக.